எழுபது விழுக்காடு — 'வரை'!

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், விளக்கேற்றும் நேரத்துக்குப் பிறகு ஒரு முறை நடந்து பாருங்கள். கண்ணைப் பறிக்கும் ஒளி! காதைத் துளைக்கும் ஒலி! கடைக்குக் கடை பலகை. பலகைக்குப் பலகை ஒரே பாட்டு: "ஆண்களுக்கான உயர்ரகச் சட்டைகள், கால்சட்டைகள், கோட்டுகள் — 70 விழுக்காடு வரை தள்ளுபடி!"

எழுபது என்ற எண் ஆளுயரத்தில் நிற்கிறது. தள்ளுபடி என்ற சொல் யானை அளவு. இரண்டுக்கும் நடுவே, எறும்பு அளவில் ஒரு சொல் ஒண்டிக்கொண்டிருக்கிறது. 'வரை' என்பது அந்தச் சொல். எழுதியவன் எழுத்தறியாதவனல்ல, நண்பர்களே! எதைப் பெரிதாக்கினால் கூட்டம் உள்ளே வரும், எதைச் சிறிதாக்கினால் கேள்வி வெளியே நிற்கும் என்பதை நன்றாக அறிந்தவன்.

ஆலங்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர். பட்டம் பெற்றவர். திருச்சியில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. முதல் தேர்வு, முதல் கோட்டு! வாங்கிய கையோடு என்னைப் பார்க்க வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"அண்ணே! 4,999 ரூபா கோட்டு, 1,999-க்கு வாங்கிட்டேன். மூவாயிரம் லாபம்ண்ணே!"

"மகிழ்ச்சி தம்பி. அந்த மூவாயிரம் எங்கே இருக்கிறது?"

"எங்கேன்னா... மிச்சந்தானேண்ணே?"

"வீட்டிலிருந்து புறப்படும்போது கையில் எவ்வளவு?"

"ரெண்டாயிரம்."

"இப்போது?"

சட்டைப் பையைத் தடவினார். "ஒரு ரூபாண்ணே."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. தேர்வுக்குப் போன அன்று பேருந்து நிலையத்தில் பிடித்த மழையில் கோட்டு நனைந்தது. காய்ந்த பிறகு முன்பக்கம் முழுவதும் அப்பளம் பொரிந்தாற்போலக் குமிழ்விட்டது. உள்ளே தைத்திருக்க வேண்டிய துணியைப் பசையால் ஒட்டியிருந்தார்கள்! கடைக்குக் கொண்டுபோனார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற இன்னொரு பலகையைக் காட்டினார்கள். கடையின் பெயர் வேண்டாம். ஒரு கடையைப் பற்றியல்ல, ஒரு முறையைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

'ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கோட்டு எதற்கு? இருப்பதை உடுத்திக்கொண்டு போனால் என்ன?' என்று கேட்கும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்.

நம் மாவட்டத்துக்குத் தெற்கே, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930ஆம் ஆண்டு டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதித்திராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் அவற்றை எழுதிவைத்துப் போயிருக்கிறார். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது என்பது ஒரு தடை. கோட்டு, சட்டை, பனியன் எதையும் அணியக் கூடாது என்பது இன்னொன்று. பனியனுக்குக்கூடத் தடை போட்ட நாடு இது!

அந்தப் பழைய காலம் போய்விட்டதே என்பீர்கள். 2014ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காகக் கிரிக்கெட் சங்க மன்றத்தின் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டார். தமிழ்நாடு கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் 1 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை தண்டம் என்று எழுதப்பட்டது. அங்கே சட்டை போட்டால் குற்றம், இங்கே வேட்டி கட்டினால் குற்றம்! உடை என்பது வெறும் உடம்பை மூடும் துணியா? மனிதனை அளக்கும் கோலாக அதை ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

ஆகவே, நல்ல உடை உடுத்த வேண்டும் என்று ஆலங்குடித் தம்பி ஆசைப்பட்டது ஆடம்பரமல்ல, உரிமை. நல்லதை நயமான விலையில் தேடியது பேராசையுமல்ல, சிக்கனம். அந்த உரிமையையும் அந்தச் சிக்கனத்தையும் வைத்து ஏமாற்றுகிறார்களே, அதுதான் பழி. எனவே கேட்போம்: இந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது? யார் பையிலிருந்து வருகிறது?

முதல் வகை, கற்பனைத் தள்ளுபடி.

சட்டையின் சீட்டில் 'அதிகபட்ச சில்லறை விலை' என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும், எங்கோ ஓர் அதிகாரி கணக்குப் பார்த்து முத்திரை குத்திய விலை என்று நம்மவர்கள் நம்பிவிடுகிறார்கள். சட்டையின் விலையை எந்த அதிகாரியும் நிர்ணயிப்பதில்லை. தயாரிப்பவர் தாமே எழுதுவதுதான் அந்த விலை. அதற்கு மேல் விற்றால் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. தொடக்கத்திலேயே எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொண்டால்? சட்டத்தின் வாய் அங்கே மூடிக்கொள்கிறது. 800 ரூபாய்க்கு விற்க நினைக்கும் சட்டைக்கு 2,000 என்று எழுது, 60 விழுக்காடு தள்ளு, வள்ளல் என்று பெயர் வாங்கு!

"இரண்டு சட்டை வாங்கினால் மூன்று சட்டை இலவசம்" என்கிறார்கள். ஐந்து சட்டையை இரண்டு சட்டையின் விலைக்குத் தந்தும் கடைக்கு ஆதாயம் இருக்கிறதென்றால், ஒரு சட்டைக்கு அச்சிட்ட விலை யாரை ஏய்ப்பதற்கு? "50 விழுக்காடு, அதற்கு மேல் இன்னும் 20 விழுக்காடு" என்கிறார்கள். கூட்டினால் 70 என்று மனம் குதிக்கிறது. பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,000 ரூபாயில் பாதி போனால் 500. அந்த 500-இல் 20 விழுக்காடு போனால் மிச்சம் 400. ஆகத் தள்ளியது 60தான். பத்து விழுக்காட்டைப் பலகையே விழுங்கிவிட்டது!

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோயல்ல. அமெரிக்காவில் பெருநிறுவனங்கள் மலிவு விலை அங்காடிகளைத் தனியே நடத்துகின்றன. தலைமைக் கடையில் தேங்கிய உயர்ரகச் சரக்கு என்று நம்பி மக்கள் போகிறார்கள். ஆனால் மலிவு அங்காடிக்கென்றே மட்டமாகத் தைத்த சரக்கும் அங்கே குவிகிறது என்று சொல்லி, 2014ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் வணிக ஆணையத்தை விசாரிக்கச் சொன்னார்கள்.

இதைவிட வேடிக்கை இன்னொன்று. ஜே. சி. பென்னி என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் 2012ஆம் ஆண்டில், 'இனிப் பொய்த் தள்ளுபடி வேண்டாம், நாள்தோறும் நேர்விலை' என்று அறிவித்தது. மக்கள் மாலை போட்டு வரவேற்றார்களா? இல்லை. ஓராண்டில் விற்பனை நான்கில் ஒரு பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் தலைவர் பதவி இழந்தார். பழைய தள்ளுபடி திரும்பி வந்தது. ஏமாற்றுகிறவன் பக்கம் பாதிக் குற்றம் என்றால், ஏமாறுவதில் இன்பம் காணும் நம் பக்கமும் கொஞ்சம் குற்றம் இருக்கிறது. கசந்தாலும் மெய் இதுதான்.

அப்படியானால் தள்ளுபடி எல்லாமே பொய்யா? இல்லை. இரண்டாம் வகை ஒன்று உண்டு. காலத் தள்ளுபடி என்று அதற்குப் பெயர் வைப்போம்.

ஆடியில் திருமணம் ஆகாது என்றான் சோதிடன். திருமணம் இல்லையேல் துணி விற்பனை இல்லை. ஜவுளிக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? ஆடித் தள்ளுபடி என்று அறிவித்தார். ஆகாத மாதம் என்று சோதிடன் ஒதுக்கிய மாதத்தை ஆதாயமான மாதம் ஆக்கினார் வணிகர்! பஞ்சாங்கத்தைப் பணப்பெட்டி வென்ற கதை இது. தேங்கிய சரக்கைக் காசாக்கித் தீபாவளிச் சரக்குக்கு இடம் பண்ண வேண்டிய தேவை கடைக்கு உண்மையிலேயே இருக்கிறது. அந்தத் தேவைதான் உண்மைத் தள்ளுபடியின் தாய். பெருநகர நிறுவனங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் பருவமுடிவு விற்பனை நடத்துவதும் இதே காரணத்தால்தான். பருவம் மாறுகிறது, புதுச் சரக்கு வருகிறது, பழையது வெளியேற வேண்டும்.

இங்கே வாங்குகிறவர் அறிய வேண்டியவை சில. எல்லாருக்கும் பொருந்தும் நடு அளவுகள் முதலில் தீரும். மிகச் சிறிய அளவும் மிகப் பெரிய அளவும் கடைசிவரை கிடக்கும். அந்த அளவுக்காரர்கள் காத்திருக்கலாம், மற்றவர்கள் முந்த வேண்டும். கோட்டோ சட்டையோ, தோள் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். இடுப்பையும் கை நீளத்தையும் நம்மூர்த் தையற்காரர் சிறு கூலிக்குச் சரிசெய்துவிடுவார். தோளைத் திருத்துவது கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம்.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நூல் ஒரே சீராக ஓடுகிறதா? கோடு போட்ட சட்டையானால், பைமேல் ஓடும் கோடு மார்பில் ஓடும் கோட்டோடு சேர்கிறதா? உள்பக்கத் தையல் நெருக்கமாக இருக்கிறதா? கோட்டின் முன்பக்கத்தைப் பொத்தானுக்குக் கீழே இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மூன்றாவது துணி தனியே நழுவினால் அது தைத்த கோட்டு. எல்லாம் ஒரே அட்டைபோல் விறைத்து நின்றால் அது ஒட்டிய கோட்டு. ஒட்டிய கோட்டு எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஒட்டியதைத் தைத்ததன் விலைக்கு வாங்காதீர்கள் என்கிறேன்.

இன்னும் மலிவான வழி ஒன்று நம் அப்பன் பாட்டன் அறிந்த வழிதான். உயர்ந்த ஆலைத் துணியின் சுருள் முடியும்போது மிஞ்சும் துண்டைக் 'கட்பீஸ்' என்று குறைந்த விலைக்குத் தருவார்கள். துணி உயர்ந்தது, அளவு மட்டுமே குறைவு. அதை வாங்கி நம் தெருத் தையற்காரரிடம் கொடுத்தால், உடம்புக்குத் தைத்த சட்டை! நம் பணம் நம் ஊரிலேயே ஒருவர் அடுப்பில் உலையாகக் கொதிக்கும்.

திருப்பூர் காதர்பேட்டையில் 'ஏற்றுமதி மிச்சம்' கிடைக்கும். வெளிநாட்டாருக்குத் தைத்ததில் கூடுதலாக நின்றதும், சிறு குறையால் ஒதுக்கப்பட்டதும், வாங்குவோர் பின்வாங்கியதால் தேங்கியதும் அங்கே வரும். பெயர்ச்சீட்டைக் கத்தரித்திருப்பார்கள். அந்த மிச்சத்தில் மாணிக்கமும் உண்டு, மண்ணும் உண்டு. வெளிநாட்டுப் பெயரைப் போலியாக ஒட்டிய சரக்கும் அதே தெருக்களில் உலவும். பெயரைப் பார்க்காமல் தையலைப் பார்ப்பவர்தான் பிழைப்பார்.

ஆனால் திருப்பூர் என்றதும் மூன்றாம் வகைத் தள்ளுபடி நினைவுக்கு வருகிறது. சொல்ல நெஞ்சு கனக்கிறது.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. அங்கே வாங்குவோர் என்ன செய்தார்கள்? 'வரியில் ஒரு பங்கை நீ தாங்கு, விலையைக் குறை' என்றார்கள். திருப்பூர் முதலாளி விலையைக் குறைத்தார். குறைத்ததை எங்கே ஈடுகட்டுவது? நூல் வியாபாரி குறைக்க மாட்டார். மின் கட்டணம் குறையாது. வங்கி வட்டி குறையாது. குறைக்கக் கூடிய இடம் ஒன்றே ஒன்று. தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருக்கும் பெண்ணின் கூலியும் வேலை நாளும்தான் அது! சட்டையின் விலையில் நூறு ரூபாய் குறைகிறபோது, அந்த நூறை யாரோ ஒருவர் இழந்திருக்கிறார். கடைக்காரர் தம் ஆதாயத்தில் இழந்தால் வணிகம். உழைப்பவர் தம் உணவில் இழந்தால் அதற்குப் பெயர் தள்ளுபடியா? பறிப்பு!

அந்தத் தையற்கூடத்தில் இருப்பவர் யார்? நம் கந்தர்வகோட்டையிலிருந்தும் கறம்பக்குடியிலிருந்தும் மழை பொய்த்த ஆண்டில் பேருந்து ஏறிப் போன நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். அக்காள் கூலியைக் குறைத்து அந்தக் காசில் தம்பிக்குச் சட்டை மலிவு என்றால், குடும்பத்துக்கு அது லாபமா?

அப்படியானால் உழைப்பவர் வயிற்றில் அடிக்காமல், வாங்குபவர் பையையும் கிழிக்காமல், விலையைக் குறைக்க வழியே இல்லையா? உண்டு. அந்த வழியைக் கண்டது நம் தமிழகம்தான்.

கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அழைக்கும் தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனம் 1935ஆம் ஆண்டில் தோன்றியது. வண்ணத்துப்பூச்சிச் சின்னம் பொறித்த அந்தக் கடை புதுக்கோட்டையிலும் இருக்கிறது. அந்தக் கடை ஏன் வந்தது? ஆலைத் துணியின் வெள்ளத்தில் கைத்தறி மூழ்கியதால் வந்தது.

1952, 53 ஆண்டுகளை முதியவர்களைக் கேளுங்கள். நெய்த துணி மூட்டை மூட்டையாகத் தேங்கியது. நெசவாளர் கையில் ஓடு ஏந்திய காலம் அது. 1953ஆம் ஆண்டில் திராவிட முன்னேற்றக் கழகத்தார் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். திருச்சித் தெருக்களில் அறிஞர் அண்ணா தாமே விற்றார். எழுத்தாளர், பேச்சாளர், பெருந்தலைவர் — அவர் தோளில் துணிமூட்டை! அதே ஆண்டில் மத்திய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு மூன்று தம்படி கூடுதல் தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிடச் செய்தது. கைத்தறித் துணியை வாங்குவோருக்குத் தள்ளுபடி தரும் வழக்கம் அந்த நிதியில் வளர்ந்தது.

இதில் உள்ள நியாயத்தைப் பாருங்கள். பெரிய ஆலையிடமிருந்து சிறு தீர்வை, வாங்குவோருக்குச் சிறு தள்ளுபடி, நெசவாளரின் கூலியில் ஒரு காசும் குறையாது! அந்தத் தீர்வை பின்னாளில் மறைந்தது. ஆனால் தள்ளுபடியில் தன் பங்கை அரசு ஏற்கும் முறை நிலைத்தது. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னே கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் 30 விழுக்காடு சிறப்புத் தள்ளுபடி விற்பனை நடக்கிறது. மாவட்ட ஆட்சியர் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைக்கிறார். காந்தியார் பிறந்த நாளையொட்டிக் கதர் அங்காடிகளிலும் தள்ளுபடி உண்டு. நமக்குத் திருநாள் பொங்கல்தான். ஆனாலும் புத்தாடை மலிவாகக் கிடைக்கும் நாளை விட்டுவிடச் சொல்லி எந்தப் பகுத்தறிவும் சொல்லவில்லை!

'ஆண்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? பெண்களின் சேலைக் கடைதானே?' என்பார்கள். ஆடவர் உடையில் நம் நாட்டின் உச்சம் எது? மணமகன் கட்டும் பட்டு வேட்டி! புவிசார் குறியீடு பெற்றது சேலம் வெண்பட்டு. நுண்நூல் கைத்தறி வேட்டியும் இருக்கிறது. நூலின் எண் கூடக்கூட இழை மெலியும். 60-ஐவிட 80 மெல்லியது, 80-ஐவிட 100 மெல்லியது. நூறாம் எண் நூலில் நெய்த வேட்டியைக் கட்டிப் பார்த்தவர் அதற்கு ஈடான மேல்நாட்டுத் துணியைத் தேடமாட்டார்.

திருமண வீட்டார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோ-ஆப்டெக்ஸில் 'கனவு நனவு' என்ற மாதச் சேமிப்புத் திட்டம் உண்டு. மாதந்தோறும் ஒரு தொகை கட்டிவந்தால், கடைசித் தவணையை நிறுவனமே கட்டும். சேர்ந்த தொகைக்குத் துணி எடுக்கும்போது தள்ளுபடியும் கிடைக்கும். கந்துவட்டிக்காரரிடம் போய்ப் பத்து வட்டிக்கு வாங்கி மாப்பிள்ளைக்குப் பட்டு எடுப்பதைவிட, முன்கூட்டியே இப்படிச் சேர்ப்பது எவ்வளவு மேல்!

பட்டு மெய்ப்பட்டுதானா என்ற ஐயம் வந்தால், ஓரத்து இழை ஒன்றைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் பட்டு. நெகிழிபோல் உருகிக் கட்டியானால் நைலான் அல்லது பாலியஸ்டர்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. பெருஞ்சுனை என்னும் சிற்றூரில் பிறந்த சகாயம் கோ-ஆப்டெக்ஸின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோதுதான் 'வேட்டி நாள்' என்ற எண்ணம் பரவியது. இளைஞர்கள் வேட்டி வாங்க வரிசையில் நின்றார்கள். ஒரு நல்ல எண்ணமும் கொஞ்சம் விளம்பரமும் சேர்ந்தால், தள்ளுபடி இல்லாமலேகூடக் கைத்தறி விற்கும் என்பதை அது காட்டிற்று.

பெருமையைப் பேசிய நாவால் குறையையும் பேசியாக வேண்டும். கூட்டுறவுக் கடை நமது கடை. நமது கடையை நாம் கண்டிக்காமல் வேறு யார் கண்டிப்பது? வேட்டி இருக்கிறது, துண்டு இருக்கிறது, போர்வை இருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு வயது இளைஞனுக்குத் தேர்வுக்கு அணிந்துபோக ஏற்ற சட்டை, அவன் விரும்பும் வெட்டில், அவன் அளவில், போதிய நிறங்களில் கிடைக்கிறதா? பல நேரங்களில் இல்லை. துணி நன்று, தைப்பு சுமார் என்ற பெயர் இன்னும் மாறவில்லை. தள்ளுபடியில் அரசு ஏற்க வேண்டிய பங்கு நெசவாளர் சங்கங்களுக்குக் காலம் தாழ்ந்து வருகிறது என்ற முறையீடும் நெடுநாளாகக் கேட்கிறது. பணம் தாமதித்தால் சங்கம் நூல் வாங்க முடியாது. நூல் இல்லையேல் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். அப்போது நம் நேர்மையான தள்ளுபடியும் நெசவாளர் வயிற்றிலிருந்து வந்ததாகிவிடும்! எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கை உரிய நாளில் தீர்க்க வேண்டும். ஆளுவோருக்கு இது நமது முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை வரியைப் பற்றியது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, 1,000 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 12 என்று வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லையை 2,500 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். அதுவரை 5, அதற்கு மேல் 18! நடுத்தர விலைச் சட்டைக்கு வரி குறைந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் உயர்ந்த நூலில் கையால் நெய்து நன்றாகத் தைத்த சட்டை 2,500-ஐத் தாண்டினால், ஆலைக் கோட்டுக்குள்ள அதே 18 விழுக்காடு! கைத்தொழிலின் சிறப்புக்குத் தண்டமா இது? கைத்தறி ஆயத்த ஆடைக்கு இந்தச் சுமையை நீக்க வேண்டும்.

வாங்குவோர் ஒன்றை நினைவில் வையுங்கள். பற்றுச்சீட்டில் தள்ளுபடியைக் காட்டி விற்றால், தள்ளுபடி போக மிஞ்சும் விலைக்குத்தான் வரி. 3,000 ரூபாய்ச் சட்டை 30 விழுக்காடு தள்ளுபடியில் 2,100 ஆனால், வரி 5 விழுக்காடுதான். சீட்டை வாங்கிப் படியுங்கள்.

மூன்றாவது கோரிக்கை மிக முக்கியமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. விலை குறைத்ததாக விளம்பரம் செய்யும் கடை, அதற்கு முந்திய 30 நாளில் தான் விற்ற மிகக் குறைந்த விலை எது என்பதைக் காட்ட வேண்டும். நேற்றுவரை 1,999-க்கு விற்ற கோட்டை, இன்று '4,999-லிருந்து குறைத்தோம்' என்று சொல்ல முடியாது! எளிய விதிதான், ஆனால் பொய்யின் குரல்வளையை நெரிக்கும் விதி. தில்லியில் ஆளுவோர் இதுபோன்ற விதியைக் கொண்டுவந்தால், 'வரை' என்ற எறும்பின் முதுகில் எழுபது என்ற யானையை ஏற்றும் வித்தை முடிவுக்கு வரும்.

விதி வரும்வரை கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. சீட்டுத் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம் என்கிறது அது. குறையுள்ள பொருளைச் சீட்டில் கண்ட நாளுக்குள், நாள் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே குற்றம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை சட்டத்தைவிடப் பெரிதல்ல! 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் முறையிடலாம். புதுக்கோட்டையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

ஆலங்குடித் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். குமிழ்விட்ட கோட்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார். சட்டத்தின் பெயரைச் சொன்னார், ஆணையத்தின் பெயரைச் சொன்னார். குரல் உயர்த்தவில்லை, கை கூப்பவுமில்லை. அரை மணி நேரத்தில் 1,999 ரூபாய் திரும்பி வந்தது.

"இப்பத்தான்ண்ணே கையில மெய்யான லாபம் இருக்கு" என்றார்.

அந்தப் பணத்தில் நல்ல கட்பீஸ் துணி எடுத்தார். தெருத் தையற்காரரிடம் சட்டை தைக்கக் கொடுத்தார். மிச்சத்தில் அப்பாவுக்கு ஒரு கைத்தறி வேட்டி. வேலை இன்னும் கிடைக்கவில்லை, அடுத்த தேர்வுக்குப் போகப் போகிறார். மழை வந்தாலும் குமிழ்விடாத சட்டையோடு, யார் கூலியையும் திருடாத சட்டையோடு போகப் போகிறார்.

தோழர்களே! தோளில் துண்டு போடக் கூடாது என்றார்கள், போட்டோம். சட்டை அணியக் கூடாது என்றார்கள், அணிந்தோம். இனி அந்தச் சட்டையின் விலையைக் கேட்கும் காலம். இது யார் தந்த தள்ளுபடி, யார் இழந்த கூலி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கீழ ராஜ வீதியில் நாளை மாலையும் விளக்கு எரியும், பலகை மின்னும். எழுபதைப் படிக்குமுன் 'வரை'யைப் படியுங்கள்!